கால்வாசிக் கால்

காரைப் பொன்மலரின் கையில் கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது, கார் எங்கள் படலைக்குள் நுழைந்த அன்றே. பொன்மலர் என் மனைவி. முடிவை அவளிடம் சொல்லவில்லை. பெரிய முடிவுகளை மனைவிமாரிடம் சொல்லக்கூடாது. சொன்னால் அவை சின்ன முடிவுகளாகிவிடும்.

என் பெயர் கிருபைரட்ணம். உரும்பிராயில் வீடு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், நாங்கள் கம்பஸ் என்று சொல்லும் பல்கலைக்கழகத்தில், பரீட்சைப் பகுதியில் உத்தியோகம். இரண்டு பேரின் சேமிப்பையும் ஒன்றாகப் போட்டு, என் மோட்டார் சைக்கிளையும் விற்று வாங்கிய கார் அது. வெள்ளை நிறம். ஜப்பானில் யாரோ ஒருவர் அலுங்காமல் ஓட்டிவிட்டு விற்றது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதல் கார் அதுதான்.

அந்தக் காரில் ஒரு விசேஷம் இருந்தது. எஞ்சினுக்குள் நாலு சிலிண்டர். சாதாரணக் காரென்றால் நாலும் எந்நேரமும் பெற்றோல் குடிக்கும். இதில் அப்படியில்லை. பாரம் குறைவாக, ஒரே சீராக ஓடும்போது இரண்டு சிலிண்டர் தாமாகவே நின்றுவிடும். அவற்றின் வால்வுகள் மூடிக்கொள்ளும், பெற்றோல் போகாது. மற்ற இரண்டும் காரை இழுத்துக்கொண்டு போகும். காலை அழுத்தினால் கண் இமைக்குமுன் நாலும் வேலைக்குத் திரும்பிவிடும். இரண்டு ஓய்வில் இருக்கின்றன என்பதைக் காட்ட மீற்றருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். வேலை இல்லாத நேரத்தில் பாதிப் பேர் சும்மா இருப்பது எங்கள் பரீட்சைப் பகுதியில் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளதுதான். அதை எஞ்சினுக்குள் கொண்டுவர ஜப்பான்காரனுக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் அண்ணைக்கு இதை நான் மதிலுக்கு மேலால் விளங்கப்படுத்தினேன். அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். தன் பழைய காரைத் தினமும் கழுவுவார், மாதத்தில் ஒரு நாள் ஓட்டுவார். நான் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நாலில் இரண்டு சிலிண்டர் சும்மாதானே இருக்கிறது, வீட்டில் காஸ் முடிந்துவிட்டது, ஒன்றைத் தந்தால் நாளைக்குத் திருப்பித் தருகிறேன் என்றார். பகிடிதான். ஆனால் அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கை வீடுகளில் எல்லாம் என் காருக்குக் காஸ் கார் என்று பெயர் வந்துவிட்டது.

நான் கவலைப்படவில்லை. காணுகிறவர்களுக்கெல்லாம் பச்சை விளக்கைப் பற்றிச் சொன்னேன். மற்றக் காரை ஓட்ட ஒரு கால் வேண்டும், என் காருக்குக் கால்வாசிக் கால் போதும் என்று சொன்னேன். இந்த வசனத்தை நான் அடிக்கடி சொன்னதாகப் பொன்மலர் பிறகு குற்றம் சாட்டினாள். அது கொஞ்சம் உண்மை.

இரண்டாம் தவணை தொடங்கியபோது பொன்மலருக்கு உப அதிபர் பதவி கிடைத்தது. பள்ளிக்கூடம் கொடிகாமத்தில். உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொடிகாமத்துக்கு இன்னொரு பஸ். அதாவது கிழக்கே போவதற்கு முதலில் தெற்கே போகவேண்டும். காலையில் நின்றுகொண்டு போவாள், பின்னேரம் நின்றுகொண்டு வருவாள். வந்ததும் உப்புப் போட்ட சுடுதண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு இருப்பாள். கணுக்கால் வீங்கியிருக்கும். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். அதைக் குடித்துக்கொண்டே அவள் முற்றத்தில் நிற்கும் காரைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஒரு நாள் சொன்னாள். சொன்னது என்பதைவிடக் கேட்டாள் என்பதுதான் சரி.

"திருநெல்வேலிக்குப் போகேக்கை உந்தப் பச்சை எரியிறதோ?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கார் விஷயத்தில் எனக்குப் பொய் வராது. சந்திக்குச் சந்தி நிற்பதும், கம்பஸ் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கு நடுவே ஊர்வதும், சந்தைக்கு வந்த ஓட்டோக்கள் குறுக்கே திரும்புவதுமான அந்தப் பாதையில் விளக்கு எரிந்ததே இல்லை.

"எரியாது. கிட்டத் தூரம். நிண்டு நிண்டு போறது. நாலும் வேலை செய்யும்."

"கொடிகாமத்துக்குப் போனால்?"

"அது நேர் றோட்டு. எரியும்."

"அப்ப, கார் போகவேண்டிய இடத்துக்குப் போகேல்லை," என்றாள் பொன்மலர்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அவள் எப்படிப் பிடிப்பாள் என்று அன்றைக்குத்தான் கண்டேன். கேள்வி இரண்டு. பதில் இரண்டும் என்னுடையவை. முடிவு மட்டும் அவளுடையது.

நான் விடவில்லை. பாதை இருந்தால் போதாது, அதற்கேற்ற கால் வேண்டும் என்றேன். ஸ்கூட்டி ஓடப் பழகின காலத்தில் அவள் காருக்கும் சேர்த்து அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தது உண்மைதான். ஆனால் பத்திரம் கைப்பையில் கிடந்து பயனில்லை, பயிற்சி காலில் இருக்கவேண்டும் என்றேன். அனுபவமில்லாதவர்கள் காலை வைத்தால் நாலு சிலிண்டரும் விழித்துக்கொள்ளும், பெற்றோல் தண்ணீராய்ப் போகும் என்று விரிவாக விளங்கப்படுத்தினேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப உங்கடை காலோ என்ரை காலோ நல்லதெண்டு பாப்பம். வீட்டு வாசலிலை இருந்து கொடிகாமச் சந்தி வரைக்கும். ஒரு சனிக்கிழமை நீங்கள் ஓடுங்கோ, மற்றச் சனிக்கிழமை நான் ஓடுறன். லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் ஓடினதெண்டு காரே சொல்லும்தானே. வெண்டவருக்குச் சாவி."

நான் உடனே சம்மதித்தேன். ஒரு மனிதன் உடனே சம்மதிக்கும் இடங்களில்தான் அவதானமாக இருக்கவேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

முதற் சனிக்கிழமை என் முறை. பொன்மலர் நடுவராகப் பக்கத்தில் இருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன். முட்டைக்கு மேல் காலை வைப்பதுபோல் வைத்தேன். கோப்பாயைக் கடந்து கைதடிப் பாதையில், இரு பக்கமும் கடல்நீரேரி பரந்து கிடக்கும் அந்த நீண்ட நேர் வீதியில் ஏறியபோது, இதுதான் என் இடம் என்று நினைத்தேன். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. எதிரே வந்த ஒரு தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அண்ணை, கார் நிண்டிட்டுதோ, தள்ளிவிடவோ என்று கேட்டான். ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. அணைந்த நேரமே அதிகம். இவ்வளவு மெதுவாகப் போயும் ஏன் எரியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கொடிகாமச் சந்தியில் பார்த்தபோது லீற்றருக்குப் பதினாலு என்று காட்டியது. பொன்மலர் அதைப் பார்த்தாள். சந்தையில் வாங்கிய முருங்கைக்காய் மலிவு என்று மட்டும் சொன்னாள்.

பதினாலு எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அந்தக் கிழமை அவள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து கோப்பாயில் ஒரு சாரதிப் பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் கார் ஓடிப் பார்க்கிறாள் என்று தெரிந்தபோது பயம் கூடியது. சாவி போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று யோசித்தேன். காலையில் கம்பஸ் வாசலில் காரை நிறுத்தி இறங்கும்போது காவலாளி எழுந்து நிற்பார். அது மோட்டார் சைக்கிளுக்கு நடந்ததில்லை. சைக்கிளுக்கு நடக்கப் போவதுமில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பாரம் கூடினால் இரண்டு சிலிண்டர் போதாது, நாலும் இழுக்கவேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல, எஞ்சினின் சட்டம். நான் அந்தச் சட்டத்துக்குக் கொஞ்சம் உதவி செய்தால் போதும்.

குளியலறை திருத்தியபோது மிஞ்சிய இரண்டு பை சீமெந்து பின் அறையில் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பொன்மலர் சேர்ச்சில் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போவாள். அவள் படலையைச் சாத்தியதும் நான் வேலையைத் தொடங்கினேன். சீமெந்துப் பையைத் தூக்குகிறவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்ப்பதற்கும் தூக்குவதற்கும் இடையில் ஒரு முதுகெலும்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் பையை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். இரண்டையும் காரின் பின்பெட்டிக்குள் படுக்கவைத்து, மேலே பழைய விரிப்பைப் போட்டு மூடினேன். நிலத்தைக் கூட்டினேன். முகம் கழுவினேன். எல்லாம் சுத்தம்.

பொன்மலர் வந்து என்னைப் பார்த்தாள். தலை ஒரே நாளில் இவ்வளவு நரைத்துவிட்டதா என்று கேட்டாள். வயது போகுதுதானே என்றேன். ஓம், போகுதுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் யாருடனோ தொலைபேசியில் கதைத்தாள். நான் முதுகுக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவள் சாரதி இருக்கையில் ஏறி, இருக்கையைத் தன் உயரத்துக்கு முன்னால் தள்ளி, கண்ணாடிகளைச் சரிசெய்தாள். நான் பக்கத்தில் மெல்ல இறங்கி உட்கார்ந்தேன். முதுகு நிமிரவில்லை. ஏன் கோணலாக இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நடுவர் மீற்றரைப் பார்க்கவேண்டும் அல்லவா என்றேன்.

கார் புறப்பட்டது. எஞ்சின் உறுமியது. பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தபடி போனது. கோப்பாய்ச் சந்திவரை பச்சை ஒரு தடவைகூட எரியவில்லை. நான் அனுதாபமாக முகத்தை வைத்துக்கொண்டேன். பழகப் பழக வரும் என்றேன்.

"ஓம்," என்றாள் பொன்மலர். "இன்னும் கொஞ்சத் தூரம்தான்."

கோப்பாய் தாண்டிக் கைதடிப் பாதையிலும் கார் முக்கி முக்கித்தான் போனது. கைதடிக்குள் நுழைந்ததும் அவள் இடப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டு, ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினாள். எனக்குத் தெரிந்த வீடு. அவளுடைய தம்பி ஜொனதனின் வீடு. வாசலில் பாதி எழும்பிய ஒரு மதில். மதிலுக்குப் பக்கத்தில் மணல் கும்பி. மணலுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டில். வண்டிலுக்குப் பக்கத்தில் ஜொனதன், காத்துக்கொண்டு நிற்கிறான்.

பொன்மலர் பின்பெட்டியைத் திறக்கும் பொத்தானை அமத்தினாள். ஜொனதன் விரிப்பை விலக்கி, இரண்டு பையையும் பூனைக்குட்டி தூக்குவதுபோல் தூக்கி வண்டிலில் வைத்தான். பிறகு என் பக்கத்து யன்னலுக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அத்தான், நீங்களே உங்கடை கையாலை ஏத்தினனீங்கள் எண்டு அக்கா சொன்னவ. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை."

பொன்மலரைப் பார்த்தேன். அவள் நேரே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாம். இது உனக்குக் கொண்டுவந்ததல்ல, உன் அக்காவைத் தோற்கடிக்க ஏற்றியது என்று சொல்லலாம். அந்த மாதிரி வசனத்தை யாழ்ப்பாணத்துத் தமிழில் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

"மதில் கட்டுறாய் எண்டு கேள்விப்பட்டனான்," என்றேன். "வைச்சுக்கொள்."

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். குலுக்கியது முதுகுவரை நொந்தது.

அதற்குப் பிறகு கார் வேறு காராகிவிட்டது. ஏ ஒன்பது நெடுஞ்சாலையில் ஏறியதும் பொன்மலர் சாதாரண வேகத்தைப் பிடித்தாள். மெதுவும் இல்லை, வேகமும் இல்லை. பிடித்த வேகத்தை விடவில்லை. முன்னால் போன லொறிக்குத் தூரம் விட்டுப் பின்னால் போனாள். சும்மா சும்மா காலை அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பச்சை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நுணாவில், சாவகச்சேரி, மீசாலை எல்லாம் பச்சையோடு கடந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் போன சனிக்கிழமை ஊர்ந்த ஊர்தலுக்கு எஞ்சின் சின்னக் கியரிலேயே கிடந்து உழைத்திருக்கிறது. நாலு சிலிண்டரும் தூங்கவே இல்லை. நான் காலுக்குத்தான் ஓய்வு கொடுத்தேன், எஞ்சினுக்கு அல்ல.

மீசாலையைக் கடக்கும்போது அவள் மெதுவாக ஏதோ பாடினாள். பாடகர் குழுவில் புதிதாகப் பழகும் கீர்த்தனையாக இருக்கவேண்டும். அந்தத் தவணை முழுவதும் அவள் இந்த வீதியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் போயிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வீதியை உட்கார்ந்தபடி பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல்முறை. போன சனிக்கிழமை நான் ஓட்டியபோது அவள் மீற்றரைத்தான் பார்த்தாள். நல்லாய் ஓடுறீர் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் நான் போட்டியில் இருந்தேன். விழுங்கிவிட்டேன்.

கொடிகாமச் சந்தியில் காரை நிறுத்தினாள். பதினெட்டு.

"காத்து," என்றேன். ஆடி மாதம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. "காத்து பின்னாலை இருந்து தள்ளினது. உது உம்மடை காலில்லை."

போன சனிக்கிழமையும் அதே காற்றுத்தான் அதே பக்கத்திலிருந்து வீசியது. பொன்மலர் அதைச் சொல்லவில்லை. சாவியைத் தரவும் இல்லை. அப்படியென்றால் திரும்பிப் போகும்போதும் தானே ஓட்டுவதாகவும், அப்போது காற்று முன்னாலிருந்து அடிக்கும், கணக்குச் சரியாகிவிடும் என்றும் சொன்னாள். நியாயமாக இருந்தது. வீட்டு வாசலில் வந்து பார்த்தபோது பதினேழு.

திங்கட்கிழமையிலிருந்து கார் கொடிகாமத்துக்குப் போனது. நான் பின் வளவில் கிடந்த சைக்கிளை எடுத்தேன். கம்பஸ் காவலாளி எழும்பவில்லை. இருந்தபடியே, சேர் காரை வித்திட்டீங்களோ என்று விசாரித்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் பொன்மலர் நடந்ததை ஊருக்கு வேறு மாதிரிச் சொல்லியிருந்தாள். தன் கால் வீங்குவதைக் காணப் பொறுக்காமல் நானே காரைக் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளில் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். போதாததற்கு மச்சானின் மதிலுக்குச் சீமெந்தும் சுமந்தேனாம். ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லாவிட்டாலும் சபை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பெண்கள் பக்கம் மலர்ந்த முகத்தோடு பார்த்தது. ஆண்கள் பக்கம் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

அன்று பின்னேரம் கனகலிங்கம் அண்ணை மதிலடிக்கு வந்தார். காரைக் கழுவும் துணி கையில் இருந்தது, கார் வீட்டில் இல்லை.

"தம்பி, நீர் என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்? உதயகலா என்னைக் கேக்கிறா, பக்கத்து வீட்டு மனுசனுக்கு இருக்கிற மனம் உங்களுக்கு ஏன் இல்லை எண்டு. இப்ப அவவும் தன்ரை தங்கச்சியும் காரிலை நல்லூருக்குப் போட்டினம். சாவி கைவிட்டுப் போட்டுது."

உதயகலா அவர் மனைவி. அண்ணைக்கு நான் உண்மையைச் சொல்லத் தீர்மானித்தேன். ஒரு ஆண்மகன் இன்னொரு ஆண்மகனுக்குச் சொல்லவேண்டிய உண்மை. அண்ணை, நான் விரும்பிக் கொடுக்கவில்லை, போட்டியில் தோற்றுக் கொடுத்தேன் என்று தொடங்கினேன். எப்படித் தோற்றீர் என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். சீமெந்து வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் போனால் காஸ் காரைவிட மோசமான ஒரு பெயர் ஒழுங்கையில் எனக்கு வரும். மனைவிக்குக் கொடுத்தால் குடும்பம் நல்லாயிருக்கும் அண்ணை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போகும்போது அந்தத் துணியை மதிலில் ஓங்கி அடித்துவிட்டுப் போனார்.

அது பொறுக்கமுடியாமல் இருந்தது. நேரே குசினிக்குப் போனேன். பொன்மலர் அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகப் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணுக்காலைப் பார்த்தேன். வீக்கம் வற்றியிருந்தது. அதைக் கண்டதும் மனம் இளகப் பார்த்தது. இளகவிடாமல் குரலை உயர்த்தினேன். நடந்த போட்டி செல்லாது, இடையில் கார் நின்றது, காற்று மாறியது, நடுவருக்கு முதுகு சுகமில்லை, இன்னொரு போட்டி வைக்கவேண்டும், அதுவும் வாற சனிக்கிழமையே வைக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தேன்.

மறுப்பாள் என்று நினைத்தேன். பொன்மலர் நறுக்கிய பயற்றங்காயைச் சட்டிக்குள் வழித்துப் போட்டாள்.

"ஓம், வைப்பம்," என்றாள். "ஜொனதனுக்கு இன்னும் ரெண்டு பை குறையுதாம்."